மழை பெய்தால் சூடாகும் பெட்டி

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு இன்னும் வரவில்லை.

மஞ்சள் வெறும் எச்சரிக்கை. மோட்டார் அது பாட்டுக்கு ஓடும். சிவப்பு வந்தால் மோட்டார் நின்றுவிடும், அதோடு சின்னசேலம் பக்கத்து இந்த ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு அரைப்பதும் நின்றுவிடும். அதற்குள் கோளாறைப் பார்க்கச் சொல்லித்தான் முதலாளி செல்லமுத்து எனக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் பெட்டி அது. அலாரம் எப்போது வந்தது, எதற்காக வந்தது என்று தானே பதிந்து வைத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்திப் பழைய பதிவுகளைப் பார்த்தேன். எல்லாம் ஒரே புகார். உள்ளே சூடு அதிகம்.

தேதிகளைப் பார்த்தால் அத்தனையும் மழை நாட்கள். வெயில் கொளுத்திய நாளில் ஒன்றுகூட இல்லை.

ஊரே குளிரில் நடுங்கும்போது இதற்கு மட்டும் என்ன காய்ச்சல்?

பின்பக்கம் போனேன். சூடான காற்று வெளியே வருகிற கம்பிவலையை மூடிக்கொண்டு வரிசையாகத் துணிகள். பழைய புடவையைக் கிழித்த துண்டுகள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை. எல்லாம் ஈரம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்ததும் அது போய்விட்டது.

கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்த ஜெயசுதா கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். வெள்ளிமலையிலிருந்து வேலைக்கு இறங்கி வந்தவள். அவளுக்குப் பின்னால் தூளியில் கைக்குழந்தை தூங்கியது. விடாமல் பெய்கிற மழையில் துணி எங்கே காயும்? ஆனால் பெட்டிமேல் யார் கை வைத்தாலும் அன்றோடு வேலை போச்சு. அது முதலாளி போட்ட சட்டம்.

“சொல்லிடாதண்ணா. கொழந்தைய வெச்சிக்கினு வேற எங்க போவேன்?”

பாவமாக இருந்தது. துணிகளை அள்ளி என் டூல்ஸ் பைக்குள் திணித்தேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விளக்கு அணைந்தது. செல்லமுத்துவும் வந்து நின்றார்.

“மாவுத் தூசி அடைச்சிக்கினு இருந்திச்சிங்க. தட்டிட்டேன்” என்றேன். நான் பொய் சொல்லும் லட்சணம் எனக்கே தெரியும்.

அவர் விளக்கைப் பார்த்தார். பிறகு என் பையைப் பார்த்தார். அதன் அடிப்பக்கம் நனைந்து தண்ணீர் சொட்டியது. இன்றைக்கு அவள் வேலையோடு என் வேலையும் சேர்ந்து போகப்போகிறது என்று நினைத்தேன்.

செல்லமுத்து ஜெயசுதா இருந்த பக்கமே திரும்பவில்லை. என்னை ஒட்டி வந்து, அவள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

“தூசி தட்டவா உன்ன கூப்ட்டேன்? அலாரம் வராம அந்தத் துணிங்கள எப்டி காய வெக்கிறதுன்னு பாக்கத்தான்டா கூப்ட்டேன்.”