புரோகிராமில் ஒரு பெயர்

ஜெனிதா லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு எழுதி இலவசமாக விட்ட பிரிண்டர் புரோகிராமை ஜெர்மனிக்காரர்கள்கூடப் பாராட்டி எழுதினார்கள். தி.நகர் ஆபீஸில் அவளுக்குப் பக்கத்து சீட் முகுந்தனுக்கு வயிறு எரிந்தது. அடுத்த பதிப்பை இன்டர்நெட்டில் ஏற்றும் வேலை அவனிடம் வந்ததும், அவள் பெயரையும் இமெயிலையும் எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டான்.

திங்கட்கிழமை ஜெனிதா அவன் மேஜைக்கே வந்தாள்.

"பேரை மாத்திட்டீங்க போலிருக்கே?"

"அது... சும்மா டெஸ்டுக்கு..."

"ஐயோ, திருப்பி மாத்திடாதீங்க! ரெண்டு வருஷமா மாதாகிட்ட வேண்டிக்கிட்டிருந்தேன்."

அவன் மோடத்தைப் போட்டதும் மெயில்கள் கொட்டின. 'பிரிண்ட் வரவில்லை.' 'பாதி எழுத்தைக் காணோம்.' 'முகுந்தன், உடனே சரிசெய்யவும்.'

"பாராட்டை மட்டும்தான் ஆபீஸ்ல காட்டுவேன். இதையெல்லாம் காட்டினதில்ல" என்றாள்.

அன்று முதல்முறையாக ஐந்து மணிக்கே கைப்பையை எடுத்துக்கொண்டு பீச்சுக்குக் கிளம்பினாள் ஜெனிதா.

முகுந்தனுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.