பன்னிரண்டிலிருந்து நாலு வரை

கண்ணைத் திறந்ததும் பாஸ்டர் வேதசிரோமணி சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தார். மணி நாலேகால். அடப் பாவி மனுஷா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

அனகாபுத்தூர் சபையில் அன்றைக்குச் சங்கிலி ஜெபம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, மணிக்கு ஒருவராக மாடியில் இருக்கும் ஜெப அறைக்குப் போய் மண்டியிட வேண்டும். அடுத்த ஆள் வந்த பிறகுதான் முந்தின ஆள் எழுந்திருக்கலாம். நடுவில் ஒரு நிமிஷம்கூட விட்டுப்போகக் கூடாது.

ஜெபம் ஹெப்சிக்காக. முப்பத்திரண்டு வயசு, இரண்டு சின்னக் குழந்தைகள், தலைக்குள் கட்டி. தாம்பரத்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன்.

அந்தப் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் பாஸ்டர் கேட்டதற்குக் கைகூப்பும் பொம்மை முப்பத்தேழு வந்தது. பெயர் ஒன்றுகூட வரவில்லை. வேலை நாள், யாரைக் குறை சொல்ல? நாலு மணி நேரத்துக்கும் தன் பெயரையே போட்டுக்கொண்டார்.

போட்டவர் என்ன செய்தார்? மண்டியிட்டார், வாயைத் திறந்தார், ஜெபம் வரவில்லை. இருபத்தாறு வருஷமாக ஊரார் கஷ்டத்துக்கெல்லாம் தடையில்லாமல் வந்த வார்த்தை அன்றைக்கு வரவே இல்லை. அந்த வாரம் மட்டும் மூன்று அடக்க ஆராதனை, ஒரு விவாகரத்துப் பஞ்சாயத்து, ஆற்றுத் தண்ணீர் புகுந்த வீடுகளுக்கு அரிசி, பாய். "முடியல ஆண்டவரே" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஒன்றும் ஞாபகம் இல்லை.

போன வருஷம் இதே அறையில் கண்ணயர்ந்த ஸ்டெபினைப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் நாறடித்தவர் இவர்தான். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் சபைப் பக்கமே வரவில்லை. இப்போது அவன் முகம்தான் கண் முன்னால் வந்து நின்றது.

ஹெப்சிக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அவள் மேசையில் கிடந்த நேரத்தில் இவர் இங்கே குறட்டை விட்டிருக்கிறார். தேவன் மன்னிக்கலாம், இவரால் இவரை மன்னிக்க முடியாது. ஆறு மாசமாக மனசுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்ததை இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார். ஊழியத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

கதவைத் திறந்தால், எதிரே மாடிப்படியில் சபைச் செயலாளர் தேவானந்தம் உட்கார்ந்திருந்தார். போயும் போயும் இவரா. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். பிரசங்கம் ஐந்து நிமிஷம் நீண்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைக்கிற ஆள். பாஸ்டருக்கு வாரத்தில் ஒரு நாள்தானே வேலை என்று கமிட்டியில் கேட்டதும் இவர்தான்.

பாஸ்டர் சுற்றி வளைக்கவில்லை.

"நான் தூங்கிட்டேன் சார். சங்கிலி அறுந்துபோச்சு. இனிமே இந்த ஊழியத்துக்கு நான் லாயக்கில்லை. கமிட்டில சொல்லி வேற ஆளைப் பாத்துக்கோங்க."

தேவானந்தம் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பன்னிரண்டரைக்கே வந்து, பாஸ்டர் ஒழுங்காக ஜெபிக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டாராம். கோபம் தலைக்கேறி, எழுப்பி நாலு வார்த்தை கேட்கத்தான் போனாராம். அதற்குள் வெளி மேசையில் இருந்த பாஸ்டரின் ஃபோன் அடித்ததாம். எடுத்துப் பேசி வைப்பதற்குள் இன்னொன்று. மாமியார் சண்டை, ஸ்கூல் சீட்டு, பேய் பிடித்த தங்கச்சி, குடிக்கிற மாப்பிள்ளை. நாற்பத்தொரு பேருக்குப் பதில் சொன்னாராம்.

"எனக்கே தலை சுத்திடுச்சு பாஸ்டர். தினமும் இதையா பண்றீங்க?"

பாஸ்டருக்கு அது காதிலேயே ஏறவில்லை. ஹெப்சி எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்டார்.

இன்னும் தியேட்டரில்தான் இருக்கிறாள், ஏழு மணி ஆகும், டாக்டர் எதுவும் நிச்சயமாகச் சொல்லவில்லை என்றார் தேவானந்தம். பாஸ்டர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"என்னை எழுப்பியிருக்கலாமே சார். அந்தப் பொண்ணுக்காக ஜெபிக்க ஒருத்தர்கூட இல்லாமப் போச்சே."

"ஏன் இல்லை? நான் ஃபோன் போட்டு ஒவ்வொருத்தரா வரவச்சேன். ஆபீஸுக்குப் பாதி நாள் லீவு சொல்லிட்டு வந்தாங்க. கீழே ஹால்லதான் ஜெபம். இப்பவும் பேங்க்ல வேலை பாக்குதே ஜெரூஷா, அது முழங்கால்ல இருக்கு. சங்கிலி அறுகலை."

பாஸ்டர் நம்ப முடியாமல் அவரையே பார்த்தார். எழுப்பாமல் விட உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டார்.

"எழுப்பட்டுமான்னு மெர்வின்கிட்ட ஃபோன்ல கேட்டேன். ஹெப்சி வீட்டுக்காரர், அவர்தானே சொல்லணும். வேண்டவே வேண்டாம்னுட்டார். தியேட்டருக்குள்ள கொண்டு போறப்ப, எல்லாரும் ஜெபிக்கிறாங்க, உனக்காக என்ன கேக்கச் சொல்லட்டும்னு ஹெப்சிகிட்ட கேட்டாராம்."

"என்ன சொன்னா?"

தேவானந்தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலைல ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்கு ஜெபம் பண்றப்ப, பாஸ்டர் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னபடியே தூங்கிட்டாரு. அவருக்கு ஒரு மணி நேரமாவது நல்ல தூக்கம் கொடுங்கன்னு ஆண்டவர்கிட்ட கேக்கச் சொல்லுங்கன்னுச்சாம்."