கூட்டிட்டுப் போ

மேற்கு வர்ஜீனியா மலைகளுக்கு நடுவே இருக்கும் ஹார்லோ கேப் என்ற ஊருக்கு டெல்லா அன்றுதான் முதன்முதலாக வந்தாள். பழைய நீதிமன்றத்தையும் கூரை போட்ட மரப்பாலத்தையும் படம் எடுத்துவிட்டு, மதியம் கடைத்தெரு ஓட்டலுக்குள் நுழைந்தாள். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

பரிமாறும் வில்மா, அவள் உட்கார்ந்த மேஜையில் சோளரொட்டித் தட்டை ணங்கென்று வைத்தாள்.

"ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

"நான் இந்த ஊருக்குப் புதுசுங்க."

"புளுகாதே. பிள்ளையை இதே மேஜையில உக்கார வச்சிட்டு ஓடிப்போனவதானே நீ?"

"எனக்குப் பிள்ளையே கிடையாதுங்க!"

வில்மா பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்தாள். "அது காதுபடவே சொல்றியே, வெக்கமா இல்ல? நாங்க பாத்துக்கிட்டது போதும். இன்னிக்கே கூட்டிட்டுப் போ."

டெல்லா சாப்பிடாமலே காருக்கு ஓடினாள். யாரும் தடுக்கவில்லை. வில்மா மட்டும் பின்னாலேயே வந்து, காரின் பின்கதவைத் திறந்து, காலி இருக்கையில் குனிந்து பெல்ட்டை மாட்டினாள்.

"அழாமப் போகணும், சரியா கண்ணு?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

டெல்லா வண்டியைக் கிளப்பிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். பெல்ட் இருக்கையோடு படியாமல் ஒரு சாண் முன்னால் விறைப்பாக நின்றது. விட்டு விட்டு, விசும்புவதுபோல், அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.