பத்து மணி போன்

கொரோனா வந்ததும் அந்தச் சேவைச் சங்கம் கண் சிகிச்சை முகாம்களை நிறுத்திவிட்டு, தனியாக வசிக்கும் முதியவர்களைத் தினமும் போனில் விசாரிக்கத் தொடங்கியது. அணுபுரத்தில் இருந்த கண்ணகிக்குப் பத்து மணியானால் சங்க உறுப்பினர் ஷ்யாமின் அழைப்பு வந்துவிடும்.

"நாஸ்தா ஆச்சாம்மா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"ஆச்சுப்பா."

"மூச்சு வாங்குச்சின்னா மறைக்காம சொல்லிடுங்கம்மா."

எட்டு மாதமாக இதே பேச்சு. மகள் துர்காதேவி வந்து கூடவே தங்கிவிட்ட பிறகும் அழைப்பு நிற்கவில்லை. அலுத்துப்போன கண்ணகி, சங்கத் தலைவர் திருநாவுக்கரசுக்குப் போன் செய்தாள்.

"சார், இப்போ பொண்ணு என்கூடத்தான் இருக்கா. ஷ்யாம்கிட்ட இனிமே கூப்பிட வேணாம்னு சொல்லுங்க."

"ஷ்யாம் இன்னும் கூப்பிடறானா? அந்தச் சேவையை நிறுத்தி ஆறு மாசம் ஆச்சேம்மா!"

தலைவரின் குரல் தணிந்தது.

"அவன் அம்மா சதுரங்கப்பட்டினத்துல தனியா இருந்தாங்க. மூச்சு வாங்கினதை அவன்கிட்ட மறைச்சிட்டாங்க. இவன் மத்தவங்களுக்கு எல்லாம் போன் பண்ணிகினு இருந்தப்போ, போயிட்டாங்க. மூஞ்சியைக்கூடப் பாக்க விடல. நான் சொல்லி நிறுத்திடறேம்மா."

"வேணாம் சார். அவர் கூப்பிடட்டும்."

மறுநாள் கண்ணகி பத்து மணிவரை காத்திருக்கவில்லை. ஒன்பதரைக்கே ஷ்யாமை அழைத்தாள்.

"இன்னாம்மா, உடம்புக்கு ஏதாவதா?" என்று அவன் பதறினான்.

"ஒண்ணுமில்லப்பா. அம்மா சும்மாத்தான் பேசறேன். நீ எப்படி இருக்கே?"

அவன் வெகுநேரம் அழுதான். கண்ணகி போனை வைக்கவில்லை.