தட்டில் எண்ணூறு பேர்

“மூணு மாசமா விடிய விடிய ஆட்டிவிட்டும் ஒருத்தனும் ஒழுங்காப் படுக்க மாட்டேங்கிறான் சார்!” என்று பேராசிரியரிடம் புலம்பினாள் ஆராய்ச்சி மாணவி.

அவள் சொன்னது பிள்ளைகளை அல்ல. கண்ணாடி மூடி போட்ட தட்டுக்குள் எண்ணூறு கம்பித் துண்டுகள், கவிழ்த்துக் கொட்டிய தீக்குச்சிகள் மாதிரி, ஆளுக்கொரு திசையில் கிடந்தன.

குச்சி வடிவத் துகள்களை நெருக்கமாக அடைத்துக் குலுக்கினால், யாரும் தொடாமலேயே எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பிவிடும், டிவி திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் உருவாவதும் இப்படித்தான் என்றது அவளுடைய கணினிக் கணக்கு. கண்ணெதிரே செய்து காட்டு என்றார் பேராசிரியர். பகலில் ஓட்டினால் பக்கத்து வகுப்புக்குச் சத்தம் என்பதால், குலுக்கும் மேடை மாலை ஆறுக்கு ஓடத் தொடங்கிக் காலை ஆறுக்குத் தானாக நிற்கும். ஒன்பதுக்கு அவள் மூச்சிரைக்க ஓடி வந்து பார்ப்பாள். தினமும் இதே அலங்கோலம்தான்.

“உன் கணக்கு தப்பும்மா. நாலு வருஷம் ஓடிப்போச்சு, நானும் எவ்வளவு நாள்தான் முட்டுக்கொடுக்கறது? கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு.” ஆராய்ச்சியிலிருந்து விலகும் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்போதே ‘டாக்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்ட அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

கூட்டிப் பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். முதல் வாரத்தில், மேடையை ஓட்டத் தொடங்கும் முன்பே, சிதறிக் கிடக்கிறதே என்று கம்பிகளை வரிசையாக அடுக்கி வைத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். “யாருக்கா உங்களை அடுக்கச் சொன்னது? கலைஞ்சு கிடந்தா கலைஞ்சே கிடக்கட்டும்!” என்று மாணவி அன்று போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

“எல்லாம் முடிஞ்சுதுக்கா. இதைக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டிடுங்க.”

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனாம்மா? அன்னிக்கு அப்புறம் நான் அடுக்கவே இல்லையே.”

“நீங்க என்னக்கா பண்ணுவீங்க? என் தலையெழுத்து.” பேனா முனையைக் கடிதத்தில் வைத்தாள்.

“சத்தியமாம்மா! காலையில ஏழு மணிக்கு வந்து பாத்தா தானாவே எல்லாம் ஒரே பக்கமாப் படுத்துக் கிடக்குது. நீங்க திட்டுவீங்களேன்னு நான்தான் தினமும் கலைச்சு விடறேன்!”