திரும்பாத மணிக்கட்டு

"ஒரு தட்டைக்கூட ஒழுங்கா வாங்கத் தெரியாதா? புறங்கையால தள்ளி விடறே. அவ்வளவு திமிரா?"

"திமிரில்லங்க. கை திரும்ப மாட்டேங்குது."

"வாய் மட்டும் நல்லாத் திரும்புது!"

என்றோ தான் சொன்னது, எலும்பு டாக்டரின் அறையில் நின்றிருந்த அவன் காதில் மறுபடி கேட்டது. எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் மணிக்கட்டின் எக்ஸ்ரே விளக்குப் பலகையில் தொங்கியது.

படம் எடுத்தவனே அவன்தான். அந்த மருத்துவமனையில் நாள் முழுக்க ஊரார் கைகளைப் படம் பிடிப்பவன், வீட்டில் இருந்த கையை ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. வலி தாங்காமல் அவளே வந்து அவன் முன் கையை வைத்தாள். "உள்ளங்கையை மேல திருப்பு" என்றான். அவளால் முடியவில்லை. அன்றுதான் பார்த்தான்.

"முன்னங்கையில ரெண்டு எலும்பு," என்றார் டாக்டரம்மா. "ஒண்ணு மணிக்கட்டுக்கிட்ட ஒரு பக்கமா வளராம நின்னுடுச்சு. இன்னொண்ணு துருத்திக்கிட்டு நிக்குது. பிறவிக் கோளாறு, ரொம்ப அபூர்வம். இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

"சொன்னேன் டாக்டர்."

அவன் தரையைப் பார்த்தான்.

"எலும்பை வெட்டி நேராக்கித் தகடு வச்சிடலாம். அதுக்கப்புறம் பயிற்சிதான் முக்கியம். சாருக்குத்தான் வேலை."

"செய்யறேன் டாக்டர்," என்றான், அவள் வாய் திறக்கும் முன்.

செய்தான். கட்டுப் பிரித்ததிலிருந்து தினமும் மாலையில் அவள் எதிரே உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பினான்.

"வலிச்சா திட்டு."

"திட்டினா, வாய் நல்லாத் திரும்புதும்பீங்க."

அவன் கை அப்படியே நின்றது. "அதை இன்னும் மறக்கலையா?"

"மறந்துட்டா, உங்களைத் திட்ட வேற என்ன இருக்கு?" என்று சிரித்தாள்.

கடைசிப் பரிசோதனையில் அவள் உள்ளங்கை முழுதாக மேலே திரும்பியது. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாதி வைத்தியம் உங்க வீட்டுக்காரர் பண்ணினதும்மா. இப்படி ஒருத்தர் எல்லாருக்கும் கிடைக்க மாட்டாங்க!"

இருவரும் வெளியே வந்தார்கள். படியிறங்கும்போது அவன் தயங்கினான்.

"டாக்டரம்மாகிட்ட நீ உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"எதை? நமக்கு விவாகரத்து ஆகி ரெண்டு வருஷமாச்சுன்னா?" அவள் படியிலேயே நின்றுவிட்டாள். "சொல்ல மனசு வரலை. ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்... இன்னொரு தடவை என்னைக் கட்டிக்கிறீங்களா?"