தாராளமாக வார்த்த எண்ணெய்

ஜன்னலுக்கு வெளியே மொன்டானாவின் ஜனவரிப் பனி விடாமல் கொட்டுகிறது. துப்பாக்கிக் கடையின் மேசைமேல், ஆட்டுப்பண்ணைக்காரி டெல்மாவின் பழைய துப்பாக்கி கிடக்கிறது. விடியற்காலையில் அது முதல் குண்டோடு சிக்கிக்கொண்டது. ஓநாய் அவளுடைய சினையாட்டைக் குதறிவிட்டு அவசரமில்லாமல் நடந்து போயிற்று. கடைக்காரன் ராய்ஸ் தன் வண்டியின் பின்புறத்திலிருந்து எடுத்துவந்த புதிய துப்பாக்கியை அதன் பக்கத்தில் வைக்கிறான். அதன் குழலில் உறைபனி இன்னும் பூத்திருக்கிறது. “உங்களுது சாப்பிடற தட்டுலயே துப்புற ரகம், அம்மணி. சுட்ட புகையெல்லாம் உள்ளயே போய்க் கரி பிடிக்கும். இதுல புகை ஒரு தண்டைத்தான் தள்ளும், அந்தத் தண்டு குண்டேத்துற போல்ட்டைத் தள்ளும். சிக்கவே சிக்காது.” “பதினெட்டு வருஷமா துப்பிக்கிட்டே சுட்டுச்சே, அதுக்கு என்ன சொல்ற?” டெல்மா பழையதன் போல்ட்டை இழுத்து உள்ளே விரலை விடுகிறாள். விரலில் வருவது கரியல்ல, குளிரில் தேனாய் இறுகிய எண்ணெய். குளிர்காலம் வந்தால் இந்த ஊரில் சின்னப்பிள்ளைகூடத் துப்பாக்கியில் எண்ணெய் நிற்காமல் வறட்டுத்துணியால் துடைத்துத்தான் வைக்கும். “அக்டோபர்ல இதைச் சுத்தம் பண்ணிக் குடுத்தது யாரு?” “நல்லா ஓடட்டும்னு கொஞ்சம் தாராளமா விட்டேன்,” என்கிறான் ராய்ஸ். “உன்னோட இந்தப் புதுசுக்குமா?” டெல்மா புதியதில் குண்டு இல்லையென்று பார்த்துவிட்டு, போல்ட்டை இழுத்து விடுகிறாள். அது சோம்பலாக ஊர்ந்து பாதி வழியில் நின்றுவிடுகிறது. “தண்டைத் தள்ளச் சொல்லு பாப்போம்,” என்றபடி, எண்ணெய் விரலை அவன் சட்டைக்கையில் நிதானமாகத் துடைக்கிறாள்.